பங்காளிகளின் நகரம்: டெரியில் சுயநிர்ணயமும் சகிப்பும்

1967இல் வட அயர்லாந்தின் இரண்டாவது பெரிய நகரமான டெரியில் மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்களில் 14,429 பேர் கத்தோலிக்கர். மற்றவர்கள் 8,781 பேர்; அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் புராட்டஸ்டன்ட். ஆனால் 20 கவுன்சிலர்களில் 12 பேர், பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டன்ட் தரப்பின் யூனியனிஸ்ட் கட்சிக்காரர்கள். எதிர்த்தரப்புக்குக் கிடைத்தது 8.

நகரத்தை மூன்று வார்டுகளாகப் பிரித்திருந்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்க ஓட்டு, 1,138 மற்ற ஓட்டு. அந்த வார்டுக்கு 8 இடம். வடக்கு வார்டில் 2,530 கத்தோலிக்க ஓட்டு, 3,946 மற்ற ஓட்டு. அதற்கும் 8 இடம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வாட்டர்சைடு வார்டில் 1,852க்கு 3,697. அங்கே 4 இடம். வகுத்துப் பார்த்தால் வடக்கில் 810 பேருக்கு ஒரு கவுன்சிலர், தெற்கில் 1,400 பேருக்கு ஒருவர். பத்தாயிரம் ஓட்டை ஒரே வார்டுக்குள் அடைத்துவிட்டால் மற்ற இரண்டிலும் சுமாரான பெரும்பான்மை இருந்தாலே ஊர் கைக்கு வந்துவிடும். 1969இல் கேமரூன் பிரபு தலைமையிலான அரசு விசாரணைக் குழு இந்த எண்களை அச்சிட்டு வெளியிட்டது. அதுவரை ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டதில்லை.

சுயநிர்ணய உரிமை என்ற சொல் ஈழப் பிரச்சினை வழியாக நமக்கு நன்றாகப் பழகிய சொல். ஒரு மக்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். அதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. ஆனால் இரண்டு மதத்தார் ஒரே ஊரில் கலந்து குடியிருக்கும்போது, யார் அந்த 'மக்கள்' என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதை முடிவு செய்பவர் கோடு போடுபவராக இருக்கிறார். டெரியின் வார்டு எல்லையும் சரி, அயர்லாந்தைப் பிரித்த நாட்டு எல்லையும் சரி, ஒரே கையால் ஒரே காரணத்துக்காகப் போடப்பட்டவை.

கோடு விழுந்த விதம்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தில் நடந்தது வேதத்துக்கு யார் சரியான பொருள் சொல்கிறார்கள் என்ற சண்டை கிடையாது. 1609 முதல் ஆங்கிலேய அரசு ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டன்ட் குடியேறிகளைக் கொண்டுவந்து வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. நிலம் இழந்தவர்கள் கத்தோலிக்கர்கள். டெரியைக் கட்டி எழுப்பும் பொறுப்பு லண்டன் வணிகச் சங்கங்களிடம் தரப்பட்டது. 1613இல் ஊர்ப் பெயரும் லண்டன்டெரி ஆனது. அப்போதிருந்து ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது, அவர் குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த அரசைத் தன் அரசாக நினைக்கிறது என்பதற்கு அடையாளமாகிவிட்டது. இன்றைக்கும் ஊர்ப் பெயரை ஒருவர் டெரி என்கிறாரா லண்டன்டெரி என்கிறாரா என்பதை வைத்தே பெரும்பாலும் அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் டெரி என்று எழுதுவது, ஊரில் பெரும்பாலோர் அப்படி அழைக்கிறார்கள் என்பதால்தான்.

1912 செப்டம்பர் 28 அன்று, அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் திட்டத்தை எதிர்த்து அல்ஸ்டர் உடன்படிக்கையில் ஆணும் பெண்ணுமாக 4,70,000க்கும் அதிகமான புராட்டஸ்டன்ட்கள் கையெழுத்திட்டார்கள். டப்ளினில் ஒரு கத்தோலிக்கப் பெரும்பான்மை நாடாளுமன்றம் வந்தால் தங்கள் கதி என்னவாகும் என்ற பயம் உண்மையானது. அதை வெறும் ஆதிக்க ஆசை என்று தள்ளிவிட முடியாது.

அல்ஸ்டரில் மொத்தம் ஒன்பது மாவட்டங்கள். ஒன்பதையும் சேர்த்தால் கத்தோலிக்கர் சுமார் 44 சதவீதம். அந்த இடைவெளி எப்போது வேண்டுமானாலும் கரையலாம். ஆகவே 1920இல் யூனியனிஸ்ட் தலைமையே டொனிகோல், காவன், மோனஹன் ஆகிய மூன்று மாவட்டங்களை விட்டுவிட்டு ஆறு போதும் என்று முடிவெடுத்தது. ஆறில் புராட்டஸ்டன்ட்கள் மூன்றில் இரண்டு பங்கு. விடப்பட்ட மூன்று மாவட்டங்களிலும் சுமார் 70,000 புராட்டஸ்டன்ட்கள் இருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே உடன்படிக்கையில் அவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் கைவிடமாட்டோம் என்று. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துகிற இடம் இதுதான். அவர்களைக் கைவிட்டது எதிரி இல்லை.

மறுபக்கம், ஆறு மாவட்டங்களில் டைரோன், ஃபெர்மனா இரண்டிலும் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். டெரி நகரத்திலும் அப்படியே. 1920 ஜனவரியில் விகிதாசார முறையில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் டெரிக்கு ஒரு கத்தோலிக்க மேயர் கிடைத்தார்: ஹ்யூ ஓ'டொஹர்ட்டி. 1921 மே மாதம் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அந்த டிசம்பரில் ஃபெர்மனா மாவட்ட மன்றம் டப்ளினுக்கே தன் விசுவாசம் என்று தீர்மானம் போட்டது, மன்றம் கலைக்கப்பட்டது. 1922இல் உள்ளாட்சிக்கு விகிதாசார முறையே ரத்து. அடுத்த ஆண்டு வார்டுகள் திருத்தி அமைக்கப்பட்டன. டெரி மாநகராட்சி யூனியனிஸ்ட்கள் கைக்குத் திரும்பியது. முதலில் சொன்ன மூன்று வார்டுப் பிரிவினை 1936இல் வந்தது.

எல்லையைத் திருத்த ஒரு வழி இருந்தது. தெற்கே தனி அரசு அமைய பிரிட்டனும் ஐரிஷ் தலைவர்களும் செய்துகொண்ட 1921 டிசம்பர் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, குடிமக்களின் விருப்பத்துக்கு ஏற்ப எல்லையை மாற்ற ஓர் ஆணையம் அமைக்கப்படும் என்றது. கூடவே, பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்கு ஒத்துவரும் அளவுக்கு என்ற ஒட்டும் இருந்தது. நடைமுறையில் அந்த ஒட்டுதான் பிரிவை விழுங்கியது. தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்டு ஃபீதம் தலைமையில் ஆணையம் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. சிறு சிறு மாற்றங்களை மட்டுமே பரிந்துரைக்கப் போகிறது என்ற செய்தி 1925 நவம்பரில் ஒரு லண்டன் பத்திரிகையில் கசிந்ததும், மூன்று அரசுகளும் சேர்ந்து அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின. 1969 வரை அது வெளிவரவில்லை. ஃபெர்மனாக்காரரிடமோ டைரோன்காரரிடமோ டெரிக்காரரிடமோ தனியாக யாரும் ஓட்டெடுத்துக் கேட்கவே இல்லை.

தெற்கே நடந்தது வேறு மாதிரி. அங்கே புராட்டஸ்டன்ட்களுக்கு எதிராக வார்டு சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை, அவர்கள் எண்ணிக்கை அவ்வளவு குறைவு. 1911இல் அந்த 26 மாவட்டங்களில் சுமார் 10 சதவீதமாக இருந்தவர்கள், 1990களின் தொடக்கத்தில் சுமார் 3 சதவீதம். போர்க்காலத்தில் கிளம்பிப் போனவர்கள் உண்டு. கலப்புத் திருமணம் செய்தால் பிள்ளைகளைக் கத்தோலிக்கராகவே வளர்க்க வேண்டும் என்ற திருச்சபை விதியால் கரைந்தவர்களும் உண்டு. 1957இல் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் ஃபெதர்ட் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு புராட்டஸ்டன்ட் தாய், பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி தாங்காமல் மகள்களோடு ஊரைவிட்டுப் போனார். உடனே ஊர்க் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்ட் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். அன்றைய பிரதமர் டி வலேரா நாடாளுமன்றத்திலேயே அந்தப் புறக்கணிப்பைக் கண்டித்தார். 1912இல் வடக்கத்தியவர்கள் பயந்தது ஓரளவுக்கு நடக்கவும் செய்தது என்பதற்கு இந்தக் கிராமம் சாட்சி.

வீடுதான் ஓட்டு

டெரியில் வார்டுக் கோடு மட்டும் போதாது. மக்கள் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டும் குடித்தனக்காரருக்கும் அவர் துணைக்கும்தான் ஓட்டு. அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கு ஓட்டு இல்லை. அறை வாடகைக்கு எடுத்தவருக்கும் இல்லை. நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கோ கூடுதல் ஓட்டு. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஒழிந்துபோன இந்த முறை இங்கே மட்டும் 1960கள் முடியும் வரை நீடித்தது.

ஆக, ஒரு குடும்பத்துக்கு மாநகராட்சி வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டு ஒதுக்கியதாகிவிடும். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வடக்கு வார்டில் வீடு கொடுத்தால் அங்கே பெரும்பான்மை ஆட்டம் காணும். தெற்கு வார்டிலோ இடம் இல்லை. அதனால் 1960களின் நடுவில் அந்த வார்டின் போக்சைடு பகுதியில் ராஸ்வில் குடியிருப்பு என்ற பெயரில் பத்து மாடிக் கட்டடங்களை எழுப்பினார்கள். பக்கவாட்டில் பரவ விடாமல் மேல்நோக்கி அடுக்கிவிட்டார்கள். கீழே ஒரே அறையில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வீடுகூடப் பெரிய விஷயமாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1968 ஜூனில் டைரோன் மாவட்டத்தின் காலடன் கிராமத்தில், பிள்ளைகுட்டிக்காரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருக்க, மணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். இழுத்து வெளியே போட்டார்கள். அங்கிருந்துதான் குடிமையுரிமை இயக்கம் தெருவுக்கு வந்தது. அவர்கள் முதலில் கேட்டது ஐக்கிய அயர்லாந்தை இல்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு, நியாயமான வீடு ஒதுக்கீடு, நியாயமான வேலை. இருக்கிற அரசுக்குள்ளேயே சமமாக நடத்துங்கள் என்ற கோரிக்கை அது.

1968 அக்டோபர் 5 அன்று டெரியின் டியூக் தெருவில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அயர்லாந்துத் தொலைக்காட்சிக் கேமரா அதைப் பதிவு செய்தது. அடுத்த மாதமே மாநகராட்சியைக் கலைப்பதாக அரசு அறிவித்தது. அதன் இடத்தில் ஒரு வளர்ச்சி ஆணையம் வந்தது. சுமார் 45 ஆண்டுகள் கட்டிக்காத்த ஏற்பாடு ஏழு வாரத்தில் விழுந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

1969 ஆகஸ்ட் 12. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை ஒட்டி அப்ரென்டிஸ் பாய்ஸ் என்ற புராட்டஸ்டன்ட் சங்கத்தார் டெரியில் ஊர்வலம் போவார்கள். 1689இல் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் படை நகரத்தை 105 நாள் முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பிப் போனதன் நினைவு அது. நகரத்தைச் சுற்றியுள்ள மதில் இன்னும் முழுசாக நிற்கிறது. மதில்மேல் நின்றால் கீழே பள்ளத்தில் போக்சைடு வீடுகளின் கூரை தெரியும். அன்றைக்கு மேலே நின்றவர்கள் சிலர் கீழே இருந்த கத்தோலிக்கர்கள்மீது செப்புக்காசுகளை வீசினார்கள். பிச்சைக்காசு. கீழே இருந்தவர்கள் கல்லை எடுத்தார்கள். மூன்று நாள் சண்டை. 14ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது.

அந்த வாரமே பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர்கள் குடியிருந்த ஒரு தெரு முழுக்க எரிக்கப்பட்டது. அந்தத் தெருவின் பெயர் பாம்பே தெரு. பக்கத்திலேயே கஷ்மீர் சாலை. எந்தப் பேரரசின் வரைபடத்திலிருந்து இந்தச் சிக்கல் வந்தது என்று யோசிக்கும்போது அந்த இரண்டு பெயர்களையும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அந்த வட்டாரத்தில்தான் இரு தரப்பையும் பிரித்து நிறுத்தும் பெல்ஃபாஸ்டின் அமைதிச் சுவர்கள் எழும்பின. தற்காலிகம் என்று கட்டியவை இன்னும் நிற்கின்றன.

அப்புறம் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலம் போனவர்கள்மீது ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். அந்தக் கொலைகளை நியாயப்படுத்தவே முடியாது என்று பிரிட்டிஷ் பிரதமர் ஒருவர் நாடாளுமன்றத்தில் சொல்ல 2010 ஜூன் வரை ஆனது. ஐக்கிய அயர்லாந்து கேட்டு ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வும் எதிர்த்தரப்பு ஆயுதக் குழுக்களும் அரசுப் படைகளும் முப்பது ஆண்டுகளில் கொன்றவர்கள் சுமார் 3,500 பேர். மொத்த மக்கள்தொகையே பதினைந்து லட்சத்தை ஒட்டியிருந்த ஒரு நிலப்பகுதியில்.

தோற்ற ஓட்டெடுப்பும் ஒத்துக்கொண்ட ஓட்டெடுப்பும்

1973 மார்ச் 8 அன்று வட அயர்லாந்தில் ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்துக் குடியரசோடு சேர்வதா என்பது கேள்வி. பிரிட்டனுக்கு ஆதரவாக 98.9 சதவீதம். கத்தோலிக்கர்கள் மொத்தமாகப் புறக்கணித்திருந்தார்கள். சுயநிர்ணயம் என்று ஏட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்து காட்டிய நிகழ்வு இது. ஒரு கொலையைக்கூட அது தடுக்கவில்லை. கோட்டை ஒருவர் போட்டு, கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் விடை கோட்டிலேயே எழுதியிருக்கிறது. தோற்பது உறுதி என்று தெரிந்தவர் ஓட்டுச்சாவடிக்கு எதற்குப் போகப்போகிறார்?

டெரியிலேயே பிறந்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஜான் ஹியூம் இதை மற்றவர்களைவிட முன்பே புரிந்துகொண்டவர். பிளவுபட்டிருப்பது நிலம் இல்லை, மக்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஐக்கிய அயர்லாந்து கேட்டவர்களுக்கு இது எரிச்சலூட்டியது. எல்லையைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது அவர்கள் எண்ணம். ஹியூமோ, பத்து லட்சம் புராட்டஸ்டன்ட்களின் சம்மதம் இல்லாமல் எல்லையைத் தூக்கினால் 1921ஐத் தலைகீழாக்கி மறுபடி செய்ததாகும் என்றார்.

1998 ஏப்ரல் 10இன் புனித வெள்ளி ஒப்பந்தம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கவனித்துப் படிக்க வேண்டியது. முதலில், சுயநிர்ணயம் அயர்லாந்துத் தீவின் மக்களுக்கே உரியது என்று ஒத்துக்கொண்டது. அதை வடக்கும் தெற்கும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் சம்மதம் சொல்லித்தான் செயல்படுத்த முடியும் என்றது. ஆக, தீவு முழுவதும் ஒரே மக்கள் என்ற கத்தோலிக்கத் தரப்பின் கொள்கையும், எங்கள் சம்மதம் இல்லாமல் முடியாது என்ற புராட்டஸ்டன்ட் தரப்பின் கொள்கையும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்தன. மே 22 அன்று இரு பக்கமும் ஓட்டெடுப்பு. வடக்கில் 71.1 சதவீதம், தெற்கில் 94.4 சதவீதம் ஆதரவு. வடக்கின்மீது உரிமை கோரிய தன் அரசியல் சட்டப் பிரிவுகளைத் தென் அயர்லாந்து மாற்றிக்கொண்டது. வடக்கில் பிறந்த எவரும் தன்னை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், அதற்கேற்ற குடியுரிமையும் உண்டு. எந்த நாட்டின் கீழ் இருக்கிறோம் என்ற கேள்வியையும், நாளைக்குக் காலையில் எப்படிச் சேர்ந்து இருக்கப்போகிறோம் என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிள் அதே ஆண்டு ஹியூமோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, தன் தரப்பு உறுதியான ஒரு வீட்டைக் கட்டியது, ஆனால் அது கத்தோலிக்கர்களுக்குக் குளிரடிக்கும் வீடாக இருந்தது என்றார். கூடவே, அவர்கள் அந்த வீட்டையே எரிக்க வந்தவர்களாக எங்களுக்குத் தெரிந்தார்கள் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை.

சகிப்பு என்ற சொல்லில் எனக்குள்ள குறை இங்கேதான் வருகிறது. சகித்துக்கொள்வது என்றால் பொறுத்துக்கொள்வது. வீட்டுக்காரர் விருந்தாளியைப் பொறுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் போகச் சொல்லலாம். டெரிக் கத்தோலிக்கர் யாருக்கும் விருந்தாளி இல்லை, அங்குள்ள புராட்டஸ்டன்டும் இல்லை. நம்மூர்ச் சொல்லில் சொன்னால் அவர்கள் பங்காளிகள். பங்காளி என்றால் சொத்தில் பங்கு உள்ளவர். வரப்புத் தகராறுக்கு நிற்பவரும் அவரே. 1998 ஒப்பந்தம் இரு தரப்பையும் ஒருவரை ஒருவர் நேசிக்கச் சொல்லவில்லை. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சம அதிகாரத்தோடு சேர்ந்தே பதவியில் இருக்க வேண்டும், ஒருவர் விலகினால் மற்றவரும் இறங்க வேண்டும். அமைச்சர் பதவிகள் இடங்களின் விகிதப்படி. பழைய போலீஸ் படை கலைந்து 2001இல் புதுப் படை வந்தபோது, பத்தாண்டுகளுக்கு ஆள் சேர்ப்பில் பாதி கத்தோலிக்கருக்கு. எல்லாமே பங்குக் கணக்கு.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் யூனியனிஸ்ட், தேசியவாதி (ஐக்கிய அயர்லாந்து கேட்பவர்), மற்றவர் என்று தன்னைப் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்புச் சம்மதமும் வேண்டிய தீர்மானங்களில் 'மற்றவர்' என்று பதிந்தவரின் ஓட்டுக்கு எடை குறைவு. எந்தப் பக்கமும் சேர விரும்பாதவர்களுக்குப் பங்கு இல்லாத பங்கீடு இது. ஒரு தரப்பு கோபித்துக்கொண்டு எழுந்துபோனால் ஆட்சியே நின்றுவிடுகிறது. 2002 முதல் 2007 வரை, 2017 முதல் 2020 வரை, 2022 முதல் 2024 வரை நின்றது. பள்ளிகள் இன்னும் பெரும்பாலும் தனித்தனி. இரு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மதிலின் இன்னொரு பக்கம்

டெரிக்கே திரும்பி வருவோம். மாநகராட்சி இப்போது கத்தோலிக்கப் பெரும்பான்மையின் கையில். 1984இல் மன்றத்தின் பெயர் டெரி நகர மன்றம் என்று மாற்றப்பட்டது. சட்டப்படி ஊரின் பெயர் இன்னும் லண்டன்டெரி. கலவர ஆண்டுகளில் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான புராட்டஸ்டன்ட்கள் அக்கரைக்கு வாட்டர்சைடுக்குப் போய்விட்டார்கள். மேற்கே மதிலை ஒட்டி ஃபவுண்டன் என்ற சிறு பகுதியில் மட்டும் சில நூறு பேர் மிச்சம். மதிலின் ஒரு பக்கம் போக்சைடு, இன்னொரு பக்கம் ஃபவுண்டன். நடந்துபோனால் சில நிமிடம். ஃபவுண்டன் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: மேற்குக் கரை (பிரிட்டிஷ் அரச) விசுவாசிகள், இன்னும் முற்றுகையில், சரணடைய மாட்டோம்.

1960களில் போக்சைடுக்காரர் சொன்ன குறையை இன்று ஃபவுண்டன்காரர் சொல்கிறார் என்று சமப்படுத்திவிட முடியாது. அவர் ஓட்டை யாரும் பறிக்கவில்லை, வார்டைத் திருகவில்லை. ஆனால் இது தன் ஊரா என்ற கேள்வி அவருக்கும் இருக்கிறது. அதற்கு டெரி தந்த நல்ல பதில் ஊர்வல விஷயத்தில்தான். 1990களில் வட அயர்லாந்தின் போர்ட்டடவுன் ஊரில் புராட்டஸ்டன்ட்களின் டிரம்க்ரீ ஊர்வலம் ஆண்டுதோறும் கலவரமாக முடிந்துகொண்டிருந்தபோது, டெரியில் அப்ரென்டிஸ் பாய்ஸ் சங்கத்தாரும் போக்சைடு குடியிருப்போரும் உள்ளூர் வியாபாரிகள் நடுவில் இருக்க உட்கார்ந்து பேசினார்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எந்த நேரம் என்று பேச்சு. 1969இல் ஊரைப் பற்ற வைத்த அதே ஆகஸ்ட் ஊர்வலம் இன்று பெரும்பாலும் அமைதியாக நடக்கிறது. போகிறவர்களுக்குப் போகும் உரிமை, பார்க்கிறவர்களுக்கு அவமானம் இல்லாமல் இருக்கும் உரிமை. காசு வீசுவது கிடையாது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5 சதவீதம். 1920இல் எந்தப் பெரும்பான்மைக்காக ஆறு மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்தார்களோ அந்தப் பெரும்பான்மை போய்விட்டது. 2024 பிப்ரவரியில், ஐக்கிய அயர்லாந்து கேட்கும் ஷின் ஃபேன் கட்சியின் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சர் ஆனார். ஐக்கியத்துக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்று தோன்றினால் லண்டன் அமைச்சர் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பாதிக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு போதும்.

அந்த நாள் வந்தால் கோடு மறுபடி நகரும், ஃபவுண்டன்காரர் ஒரே இரவில் இன்னொரு நாட்டின் சிறுபான்மை ஆவார். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். இறையாண்மை எந்த அரசிடம் இருந்தாலும் அது முழு நடுநிலையோடு, இரு மரபுகளுக்கும் சம மதிப்புத் தந்து ஆள வேண்டும் என்று அதில் ஒரு பத்தி உண்டு. போக்சைடுக்காரர் லண்டனிடம் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கிய பத்தி அது. டப்ளினிடம் அதைக் காட்ட வேண்டியவர், நாளைக்கு, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.